புளி போட்டுத் தேய்த்த பூனை

எங்கள் வீட்டில் ஒரு வெண்கலப் பூனை இருக்கிறது. உள்ளங்கை உயரம்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, வாலை முன்னங்கால்களோடு ஒட்டிச் சுற்றி வைத்திருக்கும். இடது காதில் ஒரு துளை உண்டு. அதில் ஒரு காலத்தில் சின்ன வளையம் தொங்கியிருக்கும் என்று என் கணவர் சொல்வார். எகிப்தில் யாரோ ஒருவர் ஏதோ வேண்டிக்கொண்டு கோயிலுக்குக் கொடுத்த பூனையாம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். அத்தனை காலம் மண்ணிலும் கப்பலிலும் யார் யாருடைய அலமாரிகளிலும் பத்திரமாக இருந்ததை, கல்கத்தாவில், என் சமையலறைத் தொட்டியில், ஒரு மத்தியான நேரத்தில் நான் கெடுத்தேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். பிறந்தது கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறது. அவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் வேலையாக இருந்தது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். எனக்குப் புது மனிதர்களிடம் பேச வராது. பெங்காலி புரியும், வாயில் வராது. காய்கறி வாங்கப் போனால்கூட விரலைக் காட்டித்தான் வாங்குவேன். வீட்டுக்கு யார் வந்தாலும் பேசுகிறவர் அவர். காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைக் கதவோரம் நிற்பவள் நான். எங்களுக்குக் குழந்தை இல்லை.

அவருக்கு இருந்த ஒரே பழக்கம் ஞாயிற்றுக்கிழமை ஏலக்கடைக்குப் போவது. பழைய பங்களாக்களைக் காலி செய்யும்போது நாற்காலி, விளக்கு, பீங்கான் எல்லாம் ஏலத்துக்கு வரும். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் கப்பலில் இந்தியாவுக்கு வரும் வழியில் எகிப்தில் இறங்கி, அங்கே தெருவில் விற்ற பொம்மைகளை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார்களாம். ஊருக்குத் திரும்பும்போது சிலதை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன என்று தெரியாமல் உடைந்த கோப்பைகளோடும் சாவிக்கொத்துகளோடும் அவை ஒரே பெட்டியில் ஏலத்துக்கு வரும். எகிப்துக்காரர்கள் தாயத்தாகச் செதுக்கிய ஒரு கல் வண்டுக்காக அவர் பெட்டி முழுவதையும் எடுத்துக்கொண்டு வருவார். வண்டு அவருக்கு, கோப்பைகள் எனக்கு. எங்கள் வீட்டில் இன்றுவரை ஒரு தட்டுக்கு ஜோடித் தட்டு கிடையாது.

வாங்கியதெல்லாம் உண்மையும் அல்ல. பழைய சாமான் போலவே செய்து ஏமாற்றுவது அந்தக் காலத்திலேயே உண்டாம். அவர் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் மாதக்கணக்கில் பார்ப்பார். பிறகு ஒரு நாள், "இது போலி" என்று பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் உண்மை என்று ஒப்புக்கொண்டது ஏழுதான். பூனை ஒன்று. கைகளை மார்பில் குறுக்கே வைத்து நிற்கும் வெண்கல மனிதர் ஒன்று. நீலப்பச்சை நிறத்தில் விரல் நீளத்தில் பொம்மைகள் இரண்டு. கல் வண்டுகள் இரண்டு. சவப்பெட்டி மூடியிலிருந்து உடைந்த மர முகம் ஒன்று. மற்றதெல்லாம் டப்பாவில்.

இங்கே எல்லோரையும் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள்: தாதா என்றால் அண்ணன், திதி என்றால் அக்கா, பௌதி என்றால் அண்ணி. கீழ் வீட்டு தாதா மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"என்ன தாதா, எல்லாம் வருது, மம்மி எப்ப வரும்?"

"அது கல்யாணத்தன்னிக்கே வந்தாச்சு. மேலே சமையல் பண்ணிக்கிட்டிருக்கு" என்பார் இவர்.

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நானும் உள்ளே இருந்து சிரிப்பேன். அந்த நீலப்பச்சைப் பொம்மைகளைப் பற்றியும் ஒரு கேலி வைத்திருந்தார். செத்தவரோடு வேலைக்காரர்களாக வைத்துப் புதைக்கிற பொம்மைகளாம் அவை. அந்த உலகத்தில் எஜமானரை வேலைக்குக் கூப்பிட்டால், அவருக்குப் பதிலாகப் பொம்மை எழுந்து, "இதோ வந்தேன்" என்று சொல்ல வேண்டுமாம். "உன்னை மாதிரிதான். கூப்பிட்டா வரும், வேற ஒண்ணும் பேசாது" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. அவருடைய சாமான்களில் எனக்கும் ஓர் இடம் கொடுத்த மாதிரி இருந்தது.

ஆனால் அவற்றைத் தொட எனக்கு அனுமதி இல்லை. கோபமாகச் சொல்ல மாட்டார். "நீ விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்பார். மெல்லிய பிரஷ் ஒன்று வைத்திருந்தார். ஞாயிறு காலையில் அதால் மட்டும் தூசி தட்டுவார். ஆயுத பூஜைக்கு நான் வீட்டில் உள்ள அரிவாள்மணையிலிருந்து அவருடைய பூதக்கண்ணாடி வரை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பேன். அலமாரிப் பக்கம் மட்டும் போக மாட்டேன்.

ரிட்டையரான இரண்டாவது வருஷம் அவருக்குக் கண் போக ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள். போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார்கள். அதுவும் முடியவில்லை. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். பிரஷ்ஷை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழையும் ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. ஏழும் பிரியாமல் ஓர் இடத்தில் கண்ணாடிக்குள் இருக்க வேண்டும். தான் கண்டுபிடித்தது சரிதான் என்று படித்தவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். "நமக்கப்புறம் இது மறுபடியும் உடைஞ்ச கோப்பையோட ஏலத்துக்குப் போகக் கூடாது" என்றார். வடக்குப் பக்கம் ஒரு காலேஜோடு சேர்ந்த சிறிய மியூசியம் இருக்கிறது. அங்கே உள்ள அம்மாளிடம் போனில் பேசினார். பல முறை பேசினார். பூஜை விடுமுறை முடிந்ததும் நேரில் வந்து பார்ப்பதாக அந்த அம்மாள் சொன்ன அன்று, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இரண்டாம் தடவை ரசம் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் நல்லபடியா இருக்கணும்மா" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அந்த அம்மாள் வருவதற்கு முந்தின நாள் கீழ் வீட்டு தாதா அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். தரையைத் துடைத்தேன், திரையை மாற்றினேன். அலமாரிக் கண்ணாடியைத் துடைக்கத் திறந்தேன். உள்ளே தூசி படிந்திருந்தது. பிரஷ் படாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இப்படியே வைத்து அந்த அம்மாளிடம் காட்டுவதா என்று, முதல் முறையாகப் பூனையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன்.

காது முதல் அடி வரை பச்சை.

இதில் நான் ஒன்று சொல்ல வேண்டும். சில வருஷம் முன்பு ஒரு மழைக்காலத்தில், நிற்கிற வெண்கல மனிதருடைய பாதத்தில் வெளிர்ப் பச்சையாகப் பொடி பூத்திருந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. ஊசி முனையால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். "வெண்கலத்துக்கு வர்ற நோய் இது. பச்சையாப் பூக்கும், உள்ளே தின்னுக்கிட்டே போகும், விட்டா ஒண்ணும் மிஞ்சாது" என்றார். அதற்குப் பிறகு வேறு ஏதோவும் சொன்னார். குக்கர் சத்தம் போட்டது, நான் உள்ளே போய்விட்டேன்.

இப்போது பூனை முழுக்கப் பச்சை. அவருக்குக் கண் இல்லாத இந்த ஒரு வருஷத்தில் நோய் உடம்பெல்லாம் பரவிவிட்டது, அவருக்குத் தெரியாமல் போய்விட்டது என்று நினைத்தேன். நாளைக்கு அந்த அம்மாள் பார்த்து, இவருக்குச் சாமானைக் காப்பாற்றத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பூனை வாங்கின நாளிலிருந்தே பச்சைதான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதை ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை.

வெண்கலத்தில் பச்சை ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். படிப்பு வராத எனக்கு அது நன்றாகவே தெரியும். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் குத்துவிளக்கைத்தான் பார்ப்பார்கள். என்னைப் பார்க்க வந்த அன்று என் மாமியார், "விளக்கு பளிச்சுனு இருக்கே, யார் தேச்சது?" என்று கேட்டார். நான்தான் தேய்த்திருந்தேன். அந்தக் கல்யாணம் அப்படித்தான் முடிவானது.

லேக் மார்க்கெட்டில் வாங்கின பழம்புளி இருந்தது. வெந்நீரில் ஊறவைத்து, கல் உப்புச் சேர்த்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். முதலில் பச்சைத் தண்ணீர் இறங்கியது. பிறகு செந்நிறமாக ஒரு படலம் வந்தது. அதையும் விடவில்லை. கடைசியில் மஞ்சளாக மின்னியது. கழுத்தில் மாலை போட்ட மாதிரி நுணுக்கமான கோடுகள் இருந்தன. தேய்க்கத் தேய்க்க அவை மங்கின. அழுக்குப் போகிறது என்று நினைத்தேன். வெண்கல மனிதரையும் அப்படியே செய்தேன். பொம்மைகளையும் வண்டுகளையும் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். மர முகத்தை ஈரத்துணியால் துடைத்தபோது துணியில் சிவப்பு வந்தது. அப்போதுதான் பயந்து நிறுத்தினேன்.

எல்லாவற்றின் அடியிலும் வட்டமாக ஒரு பழைய காகிதம் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்து, ஏதோ கிறுக்கியிருந்தது. புதுப் பாத்திரம் வாங்கினால் முதலில் அந்தக் கடைச் சீட்டை ஊறவைத்துச் சுரண்டத்தானே செய்வோம்? அப்படித்தான் நகத்தால் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டேன்.

ஏழையும் வெள்ளைத் துணி விரித்த தட்டில் வரிசையாக வைத்தேன். பூனை விளக்கு மாதிரி மின்னியது. சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். முப்பது வருஷத்தில் முதல் முறையாக அவருடைய வேலையில் நானும் ஒரு கை கொடுத்துவிட்டதாக நினைத்தேன். அவர் கண்ணில் மருந்தோடு களைத்து வந்து சீக்கிரமே படுத்துக்கொண்டார். நாளைக்கு அந்த அம்மாள் வாயால் கேட்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அந்த அம்மாள் சாயந்திரம் நான்கு மணிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை. கையுறை போட்டுக்கொண்டு, சின்ன டார்ச் ஒன்றை எடுத்து வைத்தார். என் கணவர் இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன். தட்டைப் பார்த்ததும் அந்த அம்மாளின் கை டார்ச்சின் மேல் அப்படியே நின்றது. 

"பூனையில ஆரம்பிக்கலாம்" என்றார் இவர் பெங்காலியில். எந்த ஏலத்தில் கிடைத்தது, காதில் எத்தனை துளை, முதுகில் எந்த இடத்தில் சிராய்ப்பு, எல்லாவற்றையும் பார்க்காமலே சொன்னார். மேஜை மேல் நூறு வருஷத்துக்கு முந்தின ஓர் ஏலப் பட்டியலை எடுத்து வைத்திருந்தார். "அடியில வட்டமா ஒரு லேபிள் இருக்கும். பிரவுன் மசி. அதே நம்பர் இந்தப் பட்டியல்ல இருக்கு. இது ரெண்டும் சேர்ந்தாத்தான் நூறு வருஷம் முன்னாடியே இந்த ஊருக்கு வந்துட்டதுன்னு நிரூபிக்க முடியும். திருட்டுச் சாமான் இல்லைன்னு காட்ட எனக்கு இருக்கற ஆதாரம் இதுதான்."

அந்த அம்மாள் பூனையைத் திருப்பிப் பார்த்தார்.

"லேபிள் இல்லையே, தாதா."

"இருக்கும். நல்லாப் பாருங்க. ஓரம் கொஞ்சம் பூச்சி அரிச்சிருக்கும்."

அந்த அம்மாள் வெண்கல மனிதரைத் திருப்பினார். ஒரு பொம்மையைத் திருப்பினார். பிறகு தலையை நிமிர்த்தி, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். 

"போட்டோ ஏதாவது எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கண்ணு இருக்கும்போது தோணலை" என்றார் இவர். பிறகு கையை நீட்டினார். அந்த அம்மாள் ஒரு கணம் தயங்கி, பூனையை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

கட்டைவிரல் முதுகில் ஒரு தடவை இறங்கியது. கழுத்துக்குப் போனது. கோடுகள் இருந்த இடத்தில் முன்னும் பின்னும் தேடியது. அடியில் ஒரு வட்டம் போட்டது. பிறகு பூனையை மூக்கருகே கொண்டுபோனார்.

"புளியா?" என்றார் தமிழில்.

"ஆமாங்க."

"எல்லாத்தையுமா?"

"மரத்தை மட்டும் ஈரத்துணியால..."

தலையை ஆட்டினார். அந்த அம்மாள் இருந்த பக்கம் திரும்பி, இங்கிலீஷில் பேசினார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். "நான்தான் சுத்தம் பண்ணச் சொன்னேன். நீங்க வர்றீங்களேன்னு. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொன்னதைச் செஞ்சாங்க."

அந்த அம்மாள், "ஓ" என்றார். அதற்குப் பிறகு பத்து நிமிஷம் மரியாதையாக உட்கார்ந்திருந்தார். மற்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டார்ச்சைப் போட்டே பார்க்கவில்லை. காபி குடித்தார், கையுறையைக் கழற்றினார், கடிதம் எழுதுவதாகச் சொன்னார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். திட்டட்டும் என்று எதிரில் நின்றேன்.

"காபி நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க" என்றார்.

அன்று சாயந்திரம் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நானாகக் கேட்டேன், அவர் இரண்டு வரியில் சொன்னார். பொடியாகப் பூப்பதுதான் நோய். கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாக இருப்பது வெண்கலத்தின் தோல். அந்தத் தோலில்தான் வயசு இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அது நேற்று வார்த்த பொம்மை. குக்கர் சத்தம் போட்ட அன்று அவர் சொன்ன மிச்சம் இதுதான்.

கடிதம் இரண்டு வாரத்தில் வந்தது. வாசித்துக் காட்ட நான்தான் இருக்கிறேன். எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'ரிக்ரெட்' என்ற சொல் வந்ததும் போதும் என்று கையைக் காட்டினார்.

எனக்கு உறுத்தியது ஏற்க மாட்டோம் என்று எழுதியதுகூட இல்லை. அந்த அம்மாள் இனிமேல் இவரை எப்படி நினைப்பார் என்பதுதான். இருபத்தைந்து வருஷம் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். படித்தவர்கள் ஒருவராவது அதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று காத்திருந்தவர். வெண்கலத்தைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்ன ஆள் என்று அந்த அம்மாள் மனதில் பதிந்துவிட்டாரே.

கறிகாய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் பஸ் ஏறினேன். தனியாக அவ்வளவு தூரம் நான் போனதில்லை. வழியெல்லாம் பெங்காலியில் இரண்டு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த அம்மாளின் அறையில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். சொல்லி வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது.

"திதி, அவர் சொல்லலை. நான். நானாத்தான்" என்றேன்.

"தெரியும் பௌதி" என்றார் அவர். "லேபிள் ஓரத்தில பூச்சி அரிச்சதுவரைக்கும் ஞாபகம் வச்சிருக்கறவர் அதைக் கழுவச் சொல்வாரா? அப்பவே தெரிஞ்சது."

"அப்படின்னா எடுத்துக்குவீங்களா?"

அவர் மேஜையைப் பார்த்தார். "ஆதாரம் போயிடுச்சே. எனக்கு நம்பிக்கை இருந்தா மட்டும் போதாது. மேலே இருக்கறவங்க காகிதம் கேப்பாங்க." பிறகு, "ஒவ்வொண்ணும் எந்தக் காலத்ததுன்னு அவர் போன்ல சொன்னது எல்லாம் சரிதான். நான் போய்ப் புத்தகத்தில பார்த்தேன்" என்றார்.

அதை நான் அவரிடம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது அதை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, "அந்த மியூசியம் அம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பேச்சு வேண்டாம்மா" என்றார்.

கூப்பிட்டால் வருகிற, வேறு ஒன்றும் பேசாத பொம்மையாகவே முப்பது வருஷம் இருந்தவளுக்கு, வேண்டாம் என்ற பிறகு பேசத் தெரியவில்லை. சமையலறைக்குப் போய்விட்டேன். இன்றுவரை சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்ல நினைப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும், காபி வேணுமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். தன்னை அந்த அம்மாள் ஒன்றும் தெரியாதவர் என்று முடிவு கட்டிவிட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு நாள் அவரே சொன்னார். "அந்தப் பூனையை எடுத்து விளக்கோட வச்சுக்கோ. அதுக்கு இனிமே உன்கிட்டதான் வேலை." குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மற்ற ஆறையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கேட்பது அந்தப் பிஸ்கட் டப்பாவைத்தான். போலிகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவிப் பார்க்கிறார். அதில் ஒரு போலிப் பூனையும் உண்டு. ஏமாற்றுவதற்காகப் பச்சை ஏற்றியது. அதைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் போகாமல் நான் துணி மடிக்கிறேன்.

உண்மைப் பூனை சாமி அலமாரியில் குத்துவிளக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கை எடுத்துத் தேய்ப்பேன். அதைத் தொட மாட்டேன். இந்த ஊர் ஈரக் காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் மினுமினுப்புப் போய்ப் பழுப்பாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது பார்த்தேன். காதுத் துளைக்குக் கீழே கடுகளவு ஒரு பச்சை.

தொட்டுப் பார்க்கக் கை போயிற்று, நிறுத்திக்கொண்டேன். பொடியாக இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. நோயா, திரும்ப வருகிற தோலா? விரலை வைத்தால் அவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். ஞாயிறு இல்லாவிட்டாலும் அவர் பக்கத்து அறையில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கூப்பிடாமல் விளக்கை ஏற்றிவிட்டு, வெளிச்சம் அந்தக் காதில் விழாதபடி கொஞ்சம் தள்ளி வைத்தேன்.